படிக்கிறான், பேசவில்லையே!

போன ஆடி மாதம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக, சிவகாசிக்குப் பக்கத்திலுள்ள எம். புதுப்பட்டிக்குப் போயிருந்தேன். ஆடிப்பெருக்கன்றுதான் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் பழைய காலண்டர் தாள்களையும் தீப்பெட்டி லேபிள்களையும் வரிசை பிசகாமல் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுச் சொல்லி, "செவ்வாய்" என்று முழுசாகவே படித்தான். எனக்கு ஒரே ஆச்சரியம்!

"எம் பேரன் கலெக்டராத்தான் வருவான், பாருங்க!" என்று பாட்டிக்குப் பூரிப்பு. பெற்றவளோ என்னை அடுப்படிப் பக்கம் கூட்டிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, எல்லாத்தையும் படிக்கிறான். ஆனா ஒரு தடவைகூட என்னை அம்மான்னு கூப்பிட்டதில்லக்கா. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கிறான். தண்ணி வேணும்னா என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி பானை மேல வைக்கிறான்."

சகோதரிகளே, பாட்டியின் பெருமையும் பொய்யில்லை, தாயின் கவலையும் வீணில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர், ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். இவர்கள் சீக்கிரமே படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், ஆனால் கதையை முழுக் கதையாகப் புரிந்துகொள்வதில்லை என்று அப்போதே குறித்து வைத்தார். 1967-இல் சில்பர்பெர்க் தம்பதியர் இந்தத் திறமைக்கு 'ஹைப்பர்லெக்ஸியா' என்று பெயரிட்டார்கள். எழுத்தைச் சொல்வது ஒன்று, சொல்லின் பொருள் புரிவது வேறொன்று. 'செவ்வாய்' என்று படித்த பிள்ளைக்கு, 'இன்னிக்கு என்ன கிழமை?' என்ற கேள்வியே புரியாமல் இருக்கலாம்.

எழுத்தின் மேல் ஏன் இத்தனை மோகம்? நம் முகமும் குரலும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகின்றன. 'க' என்ற எழுத்தோ என்றைக்கும் 'க'தான்! 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய்யாக ஒழுங்காக நிற்கும் நம் அரிச்சுவடி, வரிசையை விரும்பும் பிள்ளைக்கு ஆறுதலான இடம்.

எழுத்தில் ஆசை இருந்தாலே ஆட்டிசம் என்று பயந்துவிடாதீர்கள். சீக்கிரம் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில் சில சொற்கள் வரவேண்டும். இரண்டு வயதில் "பால் தா" என்று இரண்டு சொல் சேரவேண்டும். விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இவை இல்லையென்றால் 'அவன் மாமாகூட லேட்டாத்தான் பேசினான்' என்று காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். பிறகு குழந்தை டாக்டரிடம் வளர்ச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். 2013 முதல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் இதற்கான பரிசோதனை இலவசம். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

இன்னொன்று. தாய் பாசம் காட்டாததால்தான் இப்படி என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். அது தவறென்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. யாராவது பழி சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. லேபிளைப் பிடுங்காதீர்கள். அதுதான் அவன் உலகத்துக்கு வாசற்படி. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஓர் எழுத்தைச் சொல்லுங்கள்.

2. 'தண்ணி', 'சோறு', 'வெளியே' என்று அட்டையில் எழுதி வையுங்கள். அவன் கையை இழுக்கும்போது அட்டையை எடுத்துத் தரப் பழக்குங்கள். தந்ததும் சொல்லை வாயாலும் சொல்லி, கேட்டதை உடனே கொடுங்கள்.

3. 'தட்டு' என்ற சீட்டைத் தட்டின் மேலேயே ஒட்டுங்கள். 'குதி' என்று எழுதிக் காட்டிச் சேர்ந்து குதியுங்கள். பொருள் அப்படித்தான் மனதில் ஏறும்.

4. குளியல், சாப்பாடு, விளையாட்டு என்று அன்றைய வரிசையைச் சிலேட்டில் எழுதுங்கள். அடுத்தது என்ன என்று தெரிந்தால் அடம் குறையும்.

5. விருந்தாளி வந்தால் 'படிச்சுக் காட்டு' என்று நிறுத்தி வைக்காதீர்கள்.

6. நம் பட்டாசுப் பகுதித் தாய்மார்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை: லேபிளைத் தேடும் பிள்ளை பெட்டியைத் தேடியும் போவான். கையில் வெறும் காகிதம் மட்டுமே இருக்கட்டும். தீபாவளிக்கு வாங்கிய பெட்டியும், அடுப்படித் தீப்பெட்டியும் பூட்டின அலமாரியில் இருக்கட்டும். வெடிச் சத்தம் இந்தப் பிள்ளைகள் பலருக்குத் தாங்காது. அந்த நேரம் உள்ளறையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை முடிந்து அந்தத் தாய் எனக்குப் போன் செய்தாள். டாக்டரிடம் காட்டிவிட்டாளாம், ஆட்டிசம்தான் என்றார்களாம், பயிற்சிக்கும் போகிறார்களாம். "இன்னும் அம்மான்னு சொல்லலக்கா. ஆனா நேத்து அவனாவே 'தண்ணி' அட்டையை எடுத்துட்டு வந்து, என் முகத்தைப் பாத்து நீட்டினான்" என்றாள். குரல் தழுதழுத்தது.

படித்துக் காட்டியதைவிட இதுதான் பெரிய பாடம். பாட்டியிடமும் சொல்லுங்கள்: கலெக்டர் ஆவதெல்லாம் அப்புறம், இன்றைக்குப் பேரன் தண்ணீர் கேட்டிருக்கிறான்!