கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்

"மாத்திரைய ஒழுங்கா குடிக்கிறீங்களா?" கிளினிக்கில் முதல் கேள்வி இதுதான். "ஆமாங்க டொக்டர்" என்று தலையாட்டுகிறோம். கொப்பியில் பிரஷர் கூடியிருக்கும். பிறகு ஏச்சு. தோட்டத்து ஆட்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் விளங்காது என்று அது முடியும்.

எமக்கு விளங்காமல் இல்லை. கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை, ரங்கலைப் பக்கத்தில் இருதய வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களின் ஒரு வேலை நாளை டொக்டர்மார் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தண்ணி மாத்திரையை எடுத்துக்கொள்வோம். இதயம் பலவீனமாகிக் கால் வீங்குபவர்களுக்குத் தரும் ஃபுரோசமைட் அது. காலையில் குடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் சிறுநீர் முட்டும். மத்தியானம் வரை அடிக்கடி போகவேண்டும். கொழுந்து மலையில் கழிப்பறை எங்கே இருக்கிறது? பின்னால் கங்காணி நிற்க எத்தனை முறை செடிக்குள் ஒதுங்குவது? ஆகவே எமது பெண்கள் வேலை நாளில் அந்த மாத்திரையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிக்கிறார்கள். கால் வீங்குகிறது, இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, கடைசியில் வார்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். இதைக் கூச்சத்தால் டொக்டரிடமும் சொல்வதில்லை. சொல்லுங்கள். நேரத்தை மாற்றிக் குடிக்கலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்தது காசு. மருந்து இலவசம்தான், ஆனால் அதை எடுக்கப் போகும் நாள் இலவசமில்லை. விடிய முதல் பஸ், நம்பர், இரத்தப் பரிசோதனை, மருந்துக்கு இன்னொரு வரிசை. லயத்துக்குத் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்குப் பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2026 வரவு செலவுத் திட்டம் 1,550 ரூபாவையும், வருகைக்காக 200 ரூபாவையும் அறிவித்தது. கிளினிக் போனால் இரண்டும் போச்சு. துணைக்கு மகள் வந்தால் அவள் பேரும் போச்சு.

2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் வெளியே வாங்கத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாத மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்து இரண்டு மாதத்துக்கு இழுக்கப் பலர் அப்போது பழகிக்கொண்டார்கள். செயற்கை வால்வு பொருத்தி வார்ஃபரின் குடிப்பவர் அப்படிச் செய்தால் வால்விலேயே இரத்தம் கட்டிவிடும். பக்கவாதமும் வரும், உயிரும் போகும்.

மருந்துப் பையில் எழுதிக் கொடுப்பதும் பெரும்பாலும் எமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்தான். 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பள்ளிக்கூடப் பிள்ளை சிங்களம் வாசித்துச் சொன்னால்தான் பாட்டிக்கு இரவு மாத்திரை எது என்று தெரிகிறது.

தொழிற்சங்கமாகிய எமக்கும் இதில் குறை உண்டு. சம்பளம், கிலோ, காணி, வீடு என்று பேசினோம், பேசவும் வேண்டும். கிளினிக் நாளை ஒரு கோரிக்கையாக நாம் எழுதியதே இல்லை. பிரசவ லீவுக்கு 1939 இலிருந்து சட்டம் இருக்கிறது; அதை இன்று எந்தத் துரையும் சலுகை என்று சொல்லமுடியாது. மாதத்தில் ஒரு நாள், கொப்பியில் கிளினிக் முத்திரை இருந்தால் பேர் போடவேண்டும். மலையில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும்.

தோட்டத் தலைவர்மார், மாதர் தலைவிமார் உங்கள் டிவிஷனில் இருதய கிளினிக்குக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், கடந்த மூன்று மாதத்தில் அதனால் எத்தனை பேர் நாள் இழந்தார்கள் என்று எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கம்பனிக்காரரோடு பேசப் போகும்போது அந்தக் கணக்கு எமது கையில் இருக்கவேண்டும்.