கடலுக்குள் தலை சுற்றினால்

ஹுன்னஸ்கிரியவில் வளர்ந்தவர்களுக்குக் காது அடைப்பது புதிதல்ல. மஹியங்கனைப் பக்கம் போய்விட்டு ஹசலக்கவிலிருந்து 18 வளைவில் பஸ் ஏறத் தொடங்கியதும் பிள்ளைகள் வாயைத் திறந்து மூடுவார்கள்; பெரியவர்கள் எச்சிலை விழுங்குவார்கள். வாந்தி வருகிறவர்களுக்கு யாராவது ஒரு தேசிக்காயை நீட்டுவார்கள். உடுதும்பறை வருவதற்குள் காது தானாகத் திறந்துவிடும்.

நான் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். அமுக்கம் பற்றிய பாடத்தை அந்த பஸ்ஸிலிருந்துதான் தொடங்குவேன். மலையில் 500 மீற்றர் இறங்கினால் காற்றின் அமுக்கம் எவ்வளவு கூடுமோ, கடலில் அரை மீற்றர் சொச்சம் இறங்கினாலே அவ்வளவு கூடிவிடும் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கரையில் இருப்பதைப் போல இரு மடங்கு. அதாவது, இந்த மலைப்பாதை முழுவதிலும் நம் காது படுகிற பாட்டைக் கடலில் நெஞ்சளவு ஆழம் போவதற்குள்ளேயே அது பட்டுவிடுகிறது. காதுக்கு மிகக் கடினமான பகுதி கடலின் அடியில் இல்லை, முதல் சில மீற்றர்களில்தான் இருக்கிறது.

இதை இப்போது பத்திரிகையில் எழுதக் காரணம் இருக்கிறது. பாசிக்குடா, நிலாவெளி, புறாமலை, ஹிக்கடுவ என்று நம் நாட்டுப் பிள்ளைகளும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கத் தொடங்கியிருக்கிறார்கள். மலையகத்து இளைஞர்கள் பலர் கிழக்குக் கரை விடுதிகளில் வேலைக்குப் போகிறார்கள். லீவு நாளில் படகில் ஏறிக்கொள்கிறார்கள். என் சின்னம்மா மகனும் அப்படிப் போனவன்தான். முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்று, இப்போது சுழியோடிகளை அழைத்துப் போகும் வழிகாட்டியாக இருக்கிறான். அவன் மூலமாகத்தான் நானும் பழகினேன். அந்தக் கடலை நான் இன்றும் நேசிக்கிறேன். அதனால்தான் இந்தக் கோபம்.

பாசிக்குடாவுக்கு வெளியே ஒரு பாறைத் திட்டில், 10 மீற்றர் அளவு ஆழத்தில் இருந்தோம். எனக்கு முன்னால் நீந்திய ஒருவர் திடீரெனத் திரும்பியபோது அவருடைய கால் துடுப்பு என் இடது காதின் மேல் அறைந்தது. உள்ளே ‘டப்’ என்றது. வலித்தது, ஆனால் பயமுறுத்தியது வலி அல்ல. காதுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அடுத்த கணம் பாறை, மீன், ஆட்கள், வெளிச்சம் எல்லாம் ஒரே பக்கமாகச் சுழன்று ஓடத் தொடங்கின. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. குமிழி போகிற திசைதான் மேலே என்று படித்திருக்கிறேன். கண்ணே நிலைகொள்ளாமல் துள்ளும்போது குமிழியை எங்கே பார்ப்பது?

சின்னம்மா மகன் என் தோள்பட்டியைப் பிடித்தான். மற்றக் கையால் என் வாயிலிருந்த, மூச்சுக் காற்றைத் தரும் ரெகுலேட்டரை அழுத்திக்கொண்டான். என் கையை ஒரு பாறை விளிம்பில் வைத்துப் பிடிக்க வைத்தான். பிறகு தன் ஆழமானியை என் முகமூடிக்கு நேரே கொண்டுவந்து, அதையே பார் என்று விரலால் காட்டினான். அந்த வட்டத்தையே வெறித்துப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்சி தளர்ந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, ஓரிரு நிமிடங்கள்தான் என்று அவன் பிறகு சொன்னான். நங்கூரக் கயிற்றைப் பிடித்து மெதுவாக மேலே வந்தோம். 5 மீற்றரில் வழக்கம்போல மூன்று நிமிடம் நின்றோம். படகில் ஏறிய பிறகுதான் வாந்தி எடுத்தேன்.

அவன் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. செவிப்பறை கிழிந்தால் கடல் நீர் நடுக்காதுக்குள் புகுகிறது. கிழக்குக் கடல் குளிர்ந்ததல்ல, 28 பாகை இருக்கும். ஆனால் உடம்பின் உட்புறம் 37 பாகை. நடுக்காதின் சுவரை ஒட்டியே சமநிலையைக் காக்கும் அரைவட்டக் கால்வாய் ஒன்று ஓடுகிறது. ஒரு பக்கத்துக் கால்வாய் மட்டும் குளிர்ந்தால் அதிலுள்ள திரவம் அசைகிறது. தலை சுழல்கிறது என்று மூளை நம்பிவிடுகிறது. இதைக் கண்டறிந்தவர் வியன்னாவின் காது வைத்தியர் ரொபேட் பாரனி. நோயாளிகளின் காதைக் கழுவும்போது தண்ணீர் குளிராக இருந்தால் கண் ஒரு பக்கமும் சூடாக இருந்தால் மறுபக்கமும் துள்ளுவதைக் கவனித்தார். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதியாக இருந்தார். வைத்தியசாலைக் கதிரையில் அவர் பார்த்த அதே நிகழ்வுதான் பாசிக்குடாவில் எனக்கு நடந்தது. காதுக்குள் போன நீர் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் சுழற்சி அடங்கிவிடும். அடங்கும் என்பது தெரிந்தால் மனிதர் காத்திருப்பார். தெரியாதவர் மேலே பாய்வார்.

மேலே பாய்வதுதான் ஆளைக் கொல்வது. 10 மீற்றரிலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்காக விரிந்து அதைக் கிழித்துவிடக்கூடும். தலைசுற்றல் தன்பாட்டில் போய்விடும், கிழிந்த நுரையீரல் அப்படிப் போகாது. ஆகவே பிடிமானம் தேடு, மூச்சை நிறுத்தாமல் இழுத்து விடு, அசையாத ஒரு பொருளைப் பார். வாந்தி வந்தாலும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காதே, அதற்குள்ளேயே வாந்தி எடுக்கலாம், அது வழிவிடும். இவ்வளவையும் கரையில் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம்.

சொல்கிறார்களா? ஒருநாள் அறிமுகச் சுழியோட்டத்துக்கு வருகிறவர்களை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். விளக்கம் ஆங்கிலத்தில் நடக்கிறது. கைச் சைகைகள் காட்டப்படுகின்றன. காது பற்றி ஒரே வாக்கியம்: மூக்கைப் பிடித்து ஊது. வெளிநாட்டவர்கள் கேள்வி கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் தலையை ஆட்டுகிறார்கள். தெல்தெனியவிலிருந்தோ மாத்தளையிலிருந்தோ வந்த ஒரு பிள்ளை, தெரியாததைத் தெரியாது என்று அந்த இடத்தில் எழுந்து சொல்லாது. காசு கட்டியாயிற்று, படகு காத்திருக்கிறது, கூட வந்தவர்கள் பார்க்கிறார்கள்.

மூக்கைப் பிடித்து ஊதுவது 1704இல் காது பற்றிப் பெருநூல் எழுதிய பொலோனியா மருத்துவர் வல்சால்வாவின் பெயரால் அறியப்படும் முறை. நல்ல முறைதான். ஆனால் எப்போது ஊதுவது என்பதைச் சொல்லாமல் எப்படி ஊதுவது என்று மட்டும் சொல்வது ஆபத்து. வலி வருவதற்கு முன்பே, தலை தண்ணீருக்குள் போன உடனேயே தொடங்க வேண்டும். ஒவ்வொரு அரை மீற்றருக்கும் மென்மையாகச் செய்ய வேண்டும். தொண்டைக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழாய் அமுக்கத்தால் பூட்டிக்கொண்ட பிறகு எவ்வளவு பலமாக ஊதினாலும் திறக்காது. பலமாக ஊதினால் உட்காதின் மெல்லிய சன்னல் சவ்வு கிழிந்து, கேட்கும் திறனே நிரந்தரமாகப் போகலாம். திறக்கவில்லையா, ஒரு மீற்றர் மேலே வா. அப்போதும் திறக்கவில்லையா, இன்றைக்கு இல்லை. தடிமன் இருந்தால் படகிலேயே ஏற வேண்டாம். மேலே ஏறும்போதும் ஒரு காது திறந்து மற்றது திறக்காமல் நின்றால் தலை சுற்றும். சுவீடன் ஆய்வாளர் லுன்ட்கிரென் 1965இலேயே இதை எழுதிவிட்டார். அப்போது சற்றுக் கீழே இறங்கி நின்றால் போதும். இதையெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லாமல் எந்தப் படகும் புறப்படக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொருவரும் கரையில் நின்றே இரண்டு காதையும் திறந்து காட்ட வேண்டும். முடியாதவருக்குக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காசு திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் ஒருவர் உண்மையைச் சொல்வார்.

வீடு திரும்பியதும் அம்மா வெள்ளைப்பூண்டை நல்லெண்ணெயில் காய்ச்சிக்கொண்டு வந்து நின்றார். எங்கள் லயத்தில் காது வலிக்கு அதுதான் முதல் மருந்து. அம்மாவின் கையைப் பிடித்து வேண்டாம் என்று சொல்வது எளிதாக இல்லை. ஆனால் ஓட்டை விழுந்த செவிப்பறைக்குள் எண்ணெயோ, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தோ, தண்ணீரோ போகக்கூடாது. கண்டியில் காது மூக்கு தொண்டை வைத்தியர் காது பார்க்கும் கருவியால் பார்த்துச் சொன்னதும் அதுதான்: உலர்ந்தபடி வைத்திரு, மூக்கைச் சிந்தாதே, பெரும்பாலான சிறிய கிழிசல்கள் சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். எனக்கும் மூடியது. ஆனால் கேட்கும் திறன் திடீரெனக் குறைந்தாலோ, காதுக்குள் இரைச்சல் நின்றுகொண்டிருந்தாலோ, தலைசுற்றல் விடாமல் தொடர்ந்தாலோ அது உட்காதின் காயமாக இருக்கலாம். அதற்கு அடுத்த வாரக் கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

மலைநாட்டவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. சுழியோடியவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது என்று பலருக்குத் தெரியும். உடம்பில் கரைந்திருக்கும் நைதரசன், அமுக்கம் குறையும்போது குமிழியாகும் என்பதே காரணம். டைவர்ஸ் அலேர்ட் நெட்வேர்க் என்ற அமைப்பின் வழிகாட்டலில் அந்த எல்லை 2,000 அடியில், அதாவது 610 மீற்றர் உயரத்திலேயே தொடங்குகிறது. ஒரு தடவை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல தடவை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் பொறுக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர். நக்கிள்ஸ் மலைத்தொடரும் அதே உயரத்தைத் தொடுகிறது. பாசிக்குடாவில் மதியம் கடலிலிருந்து ஏறியவர் மஹியங்கனை வழியாக இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் மலைக்கு வந்துவிடலாம். நாடு அவ்வளவு சிறியது.

யோசித்துப் பாருங்கள். அப்படி வருகிற ஒருவருக்கு 18 வளைவில் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது. பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் வளைவுதான் காரணம் என்று நினைப்பார்கள். நல்ல மனதோடு தேசிக்காய் கொடுப்பார்கள். அது உட்காதில் நைதரசன் குமிழி கட்டியதால் வந்த சுழற்சியாக இருந்தால், அவருக்கு வேண்டியது ஒட்சிசனும் அமுக்க அறைச் சிகிச்சையும். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அத்தகைய அறை இருக்கிறது. ஆனால் அவர் ஒவ்வொரு வளைவிலும் அதைவிட்டு விலகி, இன்னும் அமுக்கம் குறைந்த காற்றுக்குள் போய்க்கொண்டிருப்பார். படகு முதலாளிகள் எல்லோரிடமும் நான் கேட்பது ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லித்தான்: “இன்றிரவு எங்கே தங்கப்போகிறீர்கள்?”

உல்லாசப் பயணிகளைப் பற்றியே பேசிவிட்டேன். நான் ஒரு காது வலியோடு ஒரு தவணை வகுப்பை நடத்தினேன், அவ்வளவுதான். கடலே பிழைப்பாக உள்ளவர்களுக்கு அது தினசரி. 1803இல் வெளிவந்த இலங்கை பற்றிய நூலில் ரொபேட் பர்சிவல், மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பவர்கள் மேலே வரும்போது மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிந்ததை எழுதியிருக்கிறார். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக்குளிப்பு எப்போதோ முடிந்துபோனது. சங்கும் கடல் அட்டையும் முடியவில்லை. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் கல்பிட்டியிலும் இளைஞர்கள் இன்றும் சிலிண்டரோடு ஒரே நாளில் பல தடவை இறங்கி ஏறுகிறார்கள். காது இரைவதை அவர்கள் நோயாக நினைப்பதில்லை, தொழிலோடு வந்தது என்று விட்டுவிடுகிறார்கள். கடல் அட்டை பிடிக்கச் சுழியோடுகிறவர்களுக்குக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம்தான் அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அந்தப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தந்த மாவட்ட வைத்தியசாலையில் இலவசமாகச் செவிப்புலப் பரிசோதனை செய்து கொடுக்க வேண்டும். கேட்கும் திறன் குறைந்திருந்தால் பத்திரத்தைப் பறிக்கக் கூடாது. பறித்தால் அடுத்த ஆண்டு யாரும் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். சிகிச்சை முடியும்வரை கரையில் செய்யக்கூடிய வேலையும் அந்தக் காலத்துக்கான கொடுப்பனவும் சேர்த்தே இந்தத் திட்டம் வர வேண்டும்.