பூக்கிழங்கு விற்பதிலும் நாணயம் வேண்டும்

பலசரக்குக் கடைக்கும் பூச்செடிக்கும் என்ன சம்பந்தம் என்று நமது உறுப்பினர்களில் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. ஆடிப்பட்டம் பிறந்ததும் அவரை, பூசணி, வெண்டை விதைப் பாக்கெட்டுகளைக் கடை வாசலில் தொங்கவிடுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தப் பாக்கெட்டுகளோடு சில கடைகளில் இப்போது வேறொன்றும் தொங்குகிறது. வண்ணப்படம் அச்சிட்ட அட்டை, அதன் கீழே வலைப்பையில் நாலைந்து கிழங்கு. துலிப், ஹயசிந்த், டாஃபடில் என்று பெயர். வீட்டுத் தோட்டத்தில் நட்டால் வருடந்தோறும் பூக்கும் என்று சொல்லி விற்கிறோம்.

முதலில் ஏமாந்தவர்கள் நாங்கள்தான். முகவர் ஒருவர் சொன்னதை நம்பி இரண்டு டஜன் பை இறக்கினோம். கழிவும் தாராளம். வாடிக்கையாக வரும் டீச்சரம்மா ஒருவர் இரண்டு பை வாங்கிப்போனார். மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய பிறகு, அழுகிய கிழங்கைக் காகிதத்தில் மடித்து வந்து கல்லாப்பெட்டி மேல் வைத்தார். சண்டை போடவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதானே அண்ணாச்சி வாங்கினேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அடுத்த மாத மளிகை லிஸ்ட் எங்கள் கடைக்கு வரவில்லை.

டீச்சரம்மா மீது தவறில்லை, கிழங்கின் மீதும் தவறில்லை. துலிப் கிழங்கு 12 முதல் 16 வாரம் வரை, சுமார் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். ஸ்ரீநகரில் 2007-ல் அமைத்த துலிப் தோட்டத்தில் பூக்கிறதென்றால், அங்கே பனி பெய்கிறது. மதுரையின் மார்கழிக் குளிர் அதற்கு எந்த மூலைக்கு? ஃப்ரிட்ஜில் வைத்திருந்து நட்டால் ஒரு தடவை பூக்கலாம், மறுவருடம் பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஹாலந்து வியாபாரிகள் இதே கிழங்கை, மண்ணிலிருந்து எடுக்குமுன்பே கைமாற்றிக் கைமாற்றி விலை ஏற்றினார்கள். 1637 பிப்ரவரியில் விலை ஒரேயடியாகச் சரிந்து, பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

நமது மண்ணுக்கு ஆகிற சரக்கு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? நிலச்சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். ஆனால் சத்தியமங்கலம் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்தவர்கள் அதை வெளிநாட்டுச் செடி என்று சொல்லமாட்டார்கள். கிழங்கு பொறுக்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, சின்ன வெங்காயம் பொறுக்குகிற கைதான். 25 முதல் 30 கிராம் எடை இருக்கவேண்டும். அமுக்கினால் இறுகியிருக்கவேண்டும், பூசணமும் கசிவும் கூடாது. சிறுத்த கிழங்கு விலை மலிவாகக் கிடைக்கும், ஆனால் இலை விட்டுக்கொண்டு நிற்கும். தோண்டிய கையோடு நடாமல், ஒரு மாதம் நிழலில் உலர்த்தியதே நல்லது. ஆனி, ஆடியில் நட்டால் மூன்று நான்கு மாதத்தில் பூத்தண்டு வரும். மூன்று வருடம் வரை அதே குத்தில் பூ எடுக்கலாம். சரம் தொடுக்க மணம் மிகுந்த ஒற்றை ரகம், ஜாடியில் வைக்க அடுக்கு ரகம் என்று வாடிக்கையாளரிடம் கேட்டுக் கொடுக்கவேண்டும். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல், ஒற்றை ரகத்தில் சேர்ந்தது. இடம் குறைந்த வீட்டுக்குத் தொட்டியில் மழை லில்லி, குழாயடி ஈரத்துக்குக் கல்வாழை.

இன்னொரு விஷயம், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பூக்கிழங்கில் பல, பார்வைக்கு வெங்காயமும் பூண்டும் போலவே இருக்கும். டாஃபடில் கிழங்கை வெங்காயம் என்று சமைத்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதனால் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-ல் பெரிய கடைகளுக்கெல்லாம் எழுதி, டாஃபடிலைக் காய்கறிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. செங்காந்தள் அதைவிட மோசம். நமது மாநில மலர், அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கலப்பை வடிவத்தில் இருக்கும் அதன் கிழங்கில் உள்ள கொல்கிசின் ஆளைக் கொல்லும், வேகவைத்தாலும் நஞ்சு போகாது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயிகள் விதைக்காகப் பயிரிடுகிறார்கள், அது அவர்கள் தொழில். மளிகைக் கடையில் அந்தக் கிழங்குக்கு இடமே கூடாது என்பது எங்கள் கருத்து. "கேட்டு வருகிறவரை எப்படித் திருப்பி அனுப்புவது?" என்று சில உறுப்பினர்கள் சொல்லலாம். நர்சரிக்கு வழி சொல்லி அனுப்பலாமே!

வரும் ஆனியில் கொள்முதல் செய்கிறவர்கள், எந்த ஊரில் விளைந்தது, எப்போது தோண்டியது என்ற இரண்டையும் முகவரிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். பதில் வராவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள். எங்கள் கடையில் இப்போது சம்பங்கிக் கிழங்கு ஒன்றுதான் வைத்திருக்கிறோம். வெங்காயச் சாக்குகள் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ச்சுவரில் தனிக்கூடை, "நடுவதற்கு மட்டும், சமைக்கக்கூடாது" என்று கொட்டை எழுத்தில் ஒரு அட்டை.