கதை கூறுவோன் யாவன்?

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன், வாசுதேவநல்லூர்)

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யான் வாசுதேவநல்லூரில் எம் இல்லத்திருந்த காலை, என் தமையனார் இரவு நெடுநேரம் கணினியின்முன் அமர்ந்து ஒரு விளையாட்டில் ஆழ்ந்திருக்கக் கண்டேன். விளையாட்டென்று சொல்லினும் அதிற் பந்தும் மட்டையும் இல்லை. அஃது ஒரு கதை. இங்கிலாந்து தேசத்துச் சூப்பர்மாஸிவ் கேம்ஸ் என்னும் நிறுவனத்தார் ‘டார்க் பிக்சர்ஸ்’ என்ற பொதுப்பெயரால் 2019 முதல் 2022 வரை ஆண்டுக்கொன்றாக நான்கு பாகம் வெளியிட்டனர். முதற் பாகம் கைவிடப்பட்ட கப்பலொன்றிற் சிக்கியோர் கதை. மூன்றாவது, இராக் தேசத்து மண்ணின்கீழ்ப் புதைந்த பழங்கோயிலொன்றில் அகப்பட்ட படைவீரர் கதை. ஒரு பாகத்துக் கதைமாந்தர் மற்றொன்றில் வாரார். யார் பிழைப்பார், யார் மடிவார் என்பதும் ஆடுவோன் இடையிடையே செய்யும் தெரிவுகளைப் பொறுத்தது.

நான்கிற்கும் பொதுவாய் வருவான் ஒருவனே. கியூரேட்டர், அஃதாவது காப்பாளன், என்பது அவன் பெயர். நூல்கள் நிறைந்த கூடமொன்றில் இருந்து ஆடுவோனை விருந்தினனைப்போல் வரவேற்பான். நீர் செய்தது தகுமா என நயமாக வினவுவான். வேண்டுமாயின் குறிப்பொன்று தருவான். ஆயின் கதையினுள் தலையிட எனக்கு உரிமை இல்லை என்று ஒதுங்கிக்கொள்வான். இவன் யாவன்? “எமனேதான், வேறு யார்?” என்பர் என் தமையனார். அவர் தோழர் ஒருவர், மனிதர் செயல்களுக்குக் கணக்கெழுதுவோன் என்பர். மற்றொருவர், அவனும் ஒருகால் இத்தகைய கதையொன்றில் அகப்பட்டு மீளாதவனே எனச் சாதிப்பர். விடுமுறை முடியுமளவும் எம் வீட்டுத் திண்ணையில் இவ்வழக்கு ஓயவில்லை. பூலித்தேவர் சங்கரன்கோயிலினுட் புகுந்து மறைந்தார் என்பதையே இன்னும் பேசித் தீராத ஊர் எம்மூர். அங்கு இத்தகைய வழக்கு ஓயாமை வியப்பன்று.

யான் அப்போது சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தைப் பரீக்ஷைக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். தமையனார் கேட்ட அதே கேள்வி என் கையிலிருந்த ஏட்டினும் இருந்தது.

சிலப்பதிகாரம் முப்பது பகுதிகளை உடையது. இருபத்தொன்பது பகுதி முடியுமளவும் கதை கூறுவோன் தன்னைக் காட்டிக்கொள்கின்றிலன். கோவலன் கொலையுண்ணும்போதும் மதுரை தீயுண்ணும்போதும் அவன் திரைக்குப் பின்னரே நிற்கின்றான். இறுதியான வரந்தரு காதையிலோ, யாரும் எதிர்பாரா வகையில், தானும் கண்ணகி கோயிலுக்குச் சென்றதாகத் தன்மையிடத்து வைத்துப் பேசுகின்றான். அப்போது தேவந்தியின்மேல் வந்து தோன்றிய கண்ணகி அவனை நோக்கி அவன் வரலாற்றையே உரைக்கின்றாள்: தந்தையின் அவையில் நிமித்திகன் ஒருவன், அரசு வீற்றிருக்கும் இலக்கணம் இளையோனாகிய நினக்கே உண்டு என்றான், அவனை வெகுண்டு நோக்கி, தமையனாகிய செங்குட்டுவன் மனம் நோவாதபடி நீ துறவு பூண்டாய் என்கின்றாள். கேட்போரைச் சிலிர்க்கச் செய்யும் இடம் இது. இதுகாறும் பிறர் கதையைச் சொல்லிவந்தவனுக்கு அக்கதையே எதிர்நின்று அவன் கதையைச் சொல்கின்றது.

பதிகமோ வேறொரு சிக்கலைத் தருகின்றது. குன்றக் குறவர் வந்து தாம் கண்ட அற்புதத்தைக் குணவாயிற் கோட்டத்து இளங்கோவடிகளிடம் சொல்ல, உடனிருந்த சாத்தனார் முன்நிகழ்ந்தவற்றை விளக்கினார் என்று பதிகம் கூறும். காட்சிக் காதையிலோ அக்குறவர் சொல்வது செங்குட்டுவனிடம். சாத்தனார் விளக்குவதும் அம்மன்னனுக்கே. மேலும், சாத்தனார் தாம் மதுரை வெள்ளியம்பலத்தில் நள்ளிரவிற் கிடந்தபோது மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பேசக் கேட்டதாகப் பதிகத்திற் சொல்கின்றார். ஆகவே தெய்வம் சொல்லச் சாத்தனார் கேட்டு, சாத்தனார் சொல்ல அடிகள் கேட்டு, அடிகள் சொல்ல நாம் கேட்கின்றோம். இவ்விடத்து அடியார்க்கு நல்லார் துணைசெய்வாரோ எனின், அவர் உரை நமக்குக் கிடைத்த அளவில் வஞ்சிக் காண்டத்தை எட்டவே இல்லை. அங்கு அரும்பதவுரை ஒன்றே கைவிளக்கு.

உ. வே. சாமிநாதையரவர்கள் 1892-இல் இந்நூலை உரையுடன் அச்சேற்றிய பின்னர் இக்கேள்வி ஏட்டைவிட்டு வீதிக்கு வந்துவிட்டது. அடிகள் செங்குட்டுவனுக்கு மெய்யாகவே உடன்பிறந்தார் என்பர் பெரும்பாலார். நெல்லைச் சீமையராகிய வையாபுரிப் பிள்ளையவர்களோ நூலையே பல நூற்றாண்டு பின்னுக்குத் தள்ளி, அவ்வுறவை ஏற்க மறுத்தனர். வஞ்சிக் காண்டமே பிற்சேர்க்கை என்பாரும் உளர். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்திற் செங்குட்டுவனைப் பாடிய பரணர், துறவு பூண்ட தம்பி ஒருவனைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதும் எடுத்துக் காட்டப்படுவது. இவ்வாதம் எனக்கு அத்துணை வலியுடையதாகத் தோன்றவில்லை. போர்க்களம் பாடவந்த புலவன் வீட்டுச் சங்கதி பேசாமை இயல்பே.

இவற்றை வெறும் திண்ணைப் பேச்சென்று தள்ளிவிட ஒண்ணாது. கண்ணகி கோயிலில் வழிபட்ட மன்னருள் இலங்கைக் கயவாகுவும் ஒருவன் என்று சொல்வது இதே வரந்தரு காதையே. இலங்கை வரலாற்று நூல்களில் கஜபாகு என்ற பெயருடையார் இருவர், முன்னவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டினர், பின்னவர் 12-ஆம் நூற்றாண்டினர். பின்னவர் பொருந்தாராதலின் முன்னவரே எனக் கொண்டு, செங்குட்டுவன் காலத்தையும், அதனைச் சார்த்திச் சங்கப் புலவர் பலர் காலத்தையும் வகுத்தனர். 1904-இல் கனகசபைப் பிள்ளையவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இவ்வழியிற் சென்று பெரும்புகழ் எய்தியது. நாம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் ஆண்டுகளிற் பல இத்தூணைப் பற்றி நிற்பன. ‘யான் நேரிற் கண்டேன்’ என்னும் கதைகூறுவோன் ஒருவன் வாக்கே அத்தூண். அவன் மெய்யாகவே அரசிளங்குமரனா, அன்றிப் புலவன் ஒருவன் பூண்ட வேடமா என்பது நம் இலக்கிய வரலாற்றின் அடிக்கல்லைத் தொடும் வினா.

இனி என் அபிப்பிராயத்தைச் சொல்லத் துணிகின்றேன். பத்தொன்பது வயதினன் கூற்றென்று பெரியோர் பொறுத்தருள்க.

எம்மூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் அம்மன் கோயிற் கொடை நடக்கும்போது வில்லுப்பாட்டு உண்டு. யாம் கிறிஸ்தவராயினும் வில்லும் குடமும் உடுக்கும் எமக்குப் புதியன அல்ல. எம் ஆலயத்திலும் கிறிஸ்து பிறப்பை வில்லிற் பாடக் கேட்டிருக்கின்றேன். ஓராண்டு மொட்டைமாடியில் இருந்தபடியே அயலூர்க் கொடையைச் சாமம் கடந்தும் கேட்டேன். புலவர் அம்மன் கதையைப் படர்க்கையில் பாடிவருவார். சாமக்கொடை வந்ததும் வரத்துப் பாட்டுத் தொடங்கும், வீசுகோல் விரையும், சாமியாடி எழுவார். அன்று எழுந்த சாமியாடி நேரே புலவர்முன் வந்து நின்று, “நான் பட்ட பாட்டை நீ குறைத்துப் பாடினாயே!” என்று கேட்டதாக மறுநாள் ஊரார் பேசிக்கொண்டனர். புலவர் வணங்கி அப்பகுதியை மீண்டும் விரித்துப் பாடினாராம். அடுத்த ஆண்டு கொடைக்கு யானே சென்றிருந்தேன். அச்சாமியாடி கேட்டதையும் தாம் வணங்கியதையும் புலவர் கதையோடு கதையாகவே சேர்த்துப் பாடினார்!

வரந்தரு காதையைப் பயிலுந்தோறும் அவ்விரவே என் நினைவிற்கு வருகின்றது. பத்தினித் தெய்வத்தின் கதை, கோயில் எடுத்த இடம், ஒருத்திமேல் தெய்வம் ஏறுதல், அத்தெய்வம் கதைபாடினோனை நோக்கிப் பேசுதல் ஆகிய அனைத்தும் கொடையின் அமைப்பே. ஆதலின் அங்கு வரும் ‘யான்’ என்பான் தன் குலமுறை கிளத்தவந்த சாட்சி அல்லன் என்றும், தெய்வக் கதையை முடித்து வைத்தற்கு வேண்டப்படும் ஒரு நிலையே அவன் என்றும் கருதுகின்றேன். பாடினோன் தெய்வத்தால் அறியப்பட்டாலன்றி அக்கதை கோயிலுக்கு உரியதாகாது. அந்நிலையில் மெய்யான இளவரசன் ஒருவன் நின்றிருத்தலும் கூடும். அதனை யான் மறுக்கின்றிலேன். அந்நிலையை மாத்திரம் கொண்டு அரசர் வமிசாவளி எழுதுதலையும் ஆண்டுக் கணக்கிடுதலையுமே மறுக்கின்றேன். அத்தூண் அசையுமாயின் சங்க காலத்தை நிறுவக் கல்வெட்டும் நாணயமும் அகழாய்வும் உள்ளன; அவற்றின் துணையைத் தேடுதல் நலம். இதனை எழுதுகையில் எனக்கு மகிழ்ச்சியொன்றும் இல்லை. தமையனுக்காக முடி துறந்த இளங்கோவை யான் பள்ளிப் பருவம் முதல் நேசித்து வந்தவன்.

எம் மறைநூலிலும் இத்தகைய நிழலுருவங்கள் உண்டு. நான்காம் சுவிசேஷத்திற் பெயர் சொல்லப்படாத அன்புச் சீஷன் ஒருவன் வருகின்றான். அவனே சாட்சி என்று இறுதி அதிகாரம் கூற, அச்சாட்சி மெய்யென அறிவோம் என்று சொல்லும் ‘நாங்கள்’ யாரென்பது விளங்குவதில்லை. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில், ஆண்டவர் பிடிபட்ட இரவில் போர்த்த துணியை விட்டு ஓடிய வாலிபன் மாற்கு தானோ என்று பலர் ஐயுற்றனர். அவன் பெயர் தெரியாமையால் அவ்விரவின் அச்சம் குறைந்துவிடவில்லை.

இவற்றையெல்லாம் தமையனாரிடம் சொன்னேன். எமன் கட்சியை அவர் விடவில்லை. ஆனால் வரந்தரு காதையைப் படித்துக் காட்டுமாறு கேட்டார், காட்டினேன். கண்ணகி அடிகளின் பழைய நாளை எடுத்துரைத்த இடம் வந்ததும் என்னை நிறுத்தி, “அவர் அவளுக்கு என்ன பதில் சொன்னார்?” என்றார்.

ஒன்றும் சொல்லவில்லை. உடனே நம்பக்கம் திரும்பி, கேட்போரை விளித்து அறம் உரைக்கத் தொடங்கிவிடுகின்றார். அவளுக்கு அவர் மறுமொழி கூறியதாக நூலில் ஓரடியும் இல்லை.