ஒரு ஆளுக்கு 20,000 யூனிட்!

அமெரிக்கப் புவியியலாளர் ஸ்காட் டிங்கர், எண்ணெய்த் துறையில் வேலை பார்த்துவிட்டு, 2000-ல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். பாறைகளை ஆராய்ந்தவர், 2012-ல் 'ஸ்விட்ச்' ஆவணப்படத்தில் கேமரா முன் நின்றார். சராசரியாக ஒரு மனிதருக்கு வருஷத்துக்கு எவ்வளவு எனர்ஜி தேவை? வீட்டு கரன்ட் மட்டுமில்லை. பெட்ரோல், கேஸ், வாங்கும் பொருள்களைத் தயாரிக்க ஆன செலவு எல்லாம் சேர்த்து 20,000 யூனிட் என்று கணக்குப் போட்டார். நிலக்கரிச் சுரங்கம், அணு உலை, காற்றாலை என ஒவ்வொன்றாகப் போய், 'இது எத்தனை பேருக்குத் தாங்கும்?' என்று பார்த்தார்.

'எண்ணெய்க்காரர் ஆச்சே, பெட்ரோலுக்குத்தானே பேசுவார்!' என்ற சந்தேகத்தோடுதான் நானும் பார்த்தேன். ஆனால், படத்தின் முடிவில் அவர் சொல்வது சிக்கனம்!

சரி, சிக்கனம் பண்ணவே எதுவும் இல்லாதவர்கள்? அடுத்த படமான 'ஸ்விட்ச் ஆன்' அவர்களைப் பற்றியது. நேபாளம், எத்தியோப்பியா, கென்யா என்று அவர்களைத் தேடிப் போனார் டிங்கர்.