குளத்துக்கு நீலம் பூசாதீர்கள்

கொலுப் பூங்காவிலும் கிறிஸ்துமஸ் குடிலிலும் குளம் வைப்பவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. எதற்கு ஐயா அந்த நீலப் பெயின்ட்? ஊசுட்டேரியை என்றைக்காவது சொட்டு நீல நிறத்தில் பார்த்திருக்கிறீர்களா? கையில் அள்ளினால் தண்ணீருக்கு நிறமில்லை. குளத்துக்கு நிறம் தருவது அடிமண்ணும் மேலே உள்ள வானமும்தான். பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் ஓவிய முசியே, வரையும் முன் "ரெகார்தே" என்பார். பாருங்கள் என்று அர்த்தம். நாம் பார்ப்பதே இல்லை.

முதலில் தரையைச் செய்யுங்கள். நடுவில் கரும்பழுப்பு, கரைப்பக்கம் வர வர வெளிர் மண்நிறம் பூசினால் ஆழம் தெரியும். அதன்மேல் நிறமற்ற ரெசினை மெல்லிய அடுக்குகளாக, ஒன்று இறுகியபின் மற்றொன்றாக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் சூடேறி விரிசல் விடும். கரையோர மண்ணை ஒரு விரல் அகலத்துக்குக் கருமையாக்குங்கள். ஈரமண் கருத்துத்தான் இருக்கும்.

"பென்ஷன்காரனுக்கு ரெசின் கட்டுப்படியாகுமா?" என்பீர்கள். பழைய முகக்கண்ணாடியின் ஓரத்தை மணலால் மறைத்தால் போதும். கடையில் விற்கும் பச்சைப் பாயும் வேண்டாம். கேழ்வரகோ கடுகோ தூவித் தண்ணீர் தெளித்தால் நாலைந்து நாளில் முளைத்துவிடும்.

பொம்மை விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்காதீர்கள். நீலத் தட்டைக் குளம் என்று பழகிய பேரப்பிள்ளை, நிஜ ஏரியின் கலங்கல் நீரைப் பார்த்து "அழுக்கு" என்கிறது. அழுக்கு என்று நினைப்பதை நாளைக்கு யாராவது தூர்த்தால், அதற்கு எப்படி மனம் வலிக்கும்?