ஹால்வெல்லுக்குக் கிடைத்த மூலை

கல்கத்தா சென்று திரும்பும் நண்பர்களின் புகைப்படங்களில் விக்டோரியா நினைவு மண்டபம் தவறாது இடம்பெற்றிருக்கும். (2001லேயே கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள், எனக்குத்தான் பழைய பெயர் நாவை விட்டு அகலவில்லை.) அழகான கட்டடம்தான், மறுப்பதற்கில்லை. 1901ல் மகாராணி இறந்ததும் கர்சன் பிரபு கண்ட கனவு அது. வரைந்தவர் வில்லியம் எமர்சன். பளிங்கு மக்ரானாவிலிருந்து வந்தது. பணம் சமஸ்தானாதிபதிகளும் செல்வந்தர்களும் 'மனமுவந்து' அளித்தது. 1906ல் அடிக்கல் நாட்டிய வேல்ஸ் இளவரசரே 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக டெல்லி தர்பாரில் அமர்ந்து, தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். 1921ல் மண்டபம் திறக்கப்பட்டது. தலைநகருக்கென்று செய்த மகுடம், தலை போன பிறகு வந்து சேர்ந்தது.

அந்த மண்டபத்தைப் பற்றி எனக்குப் புகார் ஏதுமில்லை. அது பத்திரமாக இருக்கிறது, இனியும் இருக்கும். ஒரு நகரம் எதைப் பத்திரப்படுத்துகிறது, எதைக் கைவிடுகிறது என்பதை அறிய வேண்டுமென்றால் வேறோர் இடத்திற்குப் போக வேண்டும் என்பதே நான் சொல்லவருவது.

முன்பு டல்ஹவுசி சதுக்கம் என்று வழங்கிய இடத்திற்கு, 1930ல் ரைட்டர்ஸ் கட்டடத்திற்குள் துப்பாக்கியுடன் நுழைந்த மூன்று இளைஞர்களின் பெயரால் இன்று பினய்-பாதல்-தினேஷ் பாக் என்று பெயர். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் 1787ல் எழுந்த புனித ஜான் தேவாலயம். அதன் வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறையைப் பார்க்கச் சிலர் வருவார்கள். மரங்களுக்கிடையே வெண்பளிங்குத் தூண் ஒன்றும் நிற்கிறது. அதைத் தேடி வருபவர்கள் குறைவு.

1756 ஜூன் 20 அன்று சிராஜ் உத் தௌலாவின் படை கோட்டையைப் பிடித்தது. அன்றிரவு 146 பேர் சிறு அறையொன்றில் அடைக்கப்பட்டு 23 பேரே உயிரோடு வெளிவந்ததாக எழுதினார் ஹால்வெல். நம் தலைமுறையும் பள்ளியில் 'இருட்டறைத் துயரம்' என்று இதைப் படித்திருக்கிறது. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் அந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை. இறந்தவர்களுக்காக ஹால்வெல் எழுப்பிய தூண் அடுத்த நூற்றாண்டிலேயே அகற்றப்பட்டது. கர்சனுக்கோ அது பொறுக்கவில்லை. 1902ல் பளிங்கில் மறுபடி எழுப்பினார். 1940ல் அதை அகற்றக் கோரிப் போராட்டம் அறிவித்த சுபாஷ் சந்திர போஸ், போராட்டம் தொடங்குவதற்கு முந்தைய நாளான ஜூலை 2 அன்று கைது செய்யப்பட்டார். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்ற போராட்டம் அது. வங்காளத்தில் அதற்குப் பிந்திய ஆண்டுகளை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது. அரசு பணிந்தது. தூண் இந்த வளாகத்திற்கு வந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஊரே வெறுத்த ஒரு பொருள், அதைக்கூட யாரும் உடைத்து ஹூக்ளியில் போடவில்லை. ஒதுங்கி நிற்க ஒரு மூலை கொடுத்தார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அந்த மூலையில் பத்தில் ஒரு பங்குகூடத் தான் நேசித்தவற்றுக்கு அந்நகரம் கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். வால்டர் கிரான்வில் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம் கல்கத்தாவெங்கும் உண்டு. தலைமைத் தபால் நிலையம், உயர் நீதிமன்றம், இந்திய அருங்காட்சியகம் மூன்றும் இன்றும் நிற்கின்றன. நான்காவதாக அவர் கட்டியது கல்லூரித் தெருவிலிருந்த பல்கலைக்கழக செனட் மண்டபம். 1932ல் பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கி மாணவி பீனா தாஸ் சுட்டது அங்கேதான். சுதந்திரம் வந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1960வாக்கில், பல்கலைக்கழக நூற்றாண்டுக் கட்டடத்திற்கு இடம் வேண்டுமென்று அதை நாமே இடித்தோம். நூற்றாண்டைக் கொண்டாட நூற்றாண்டை வாழ்ந்ததை இடிப்பது! (சென்னையின் செனட் இல்லம் தப்பித்தது நம் அதிர்ஷ்டம்.)

டிராமின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1873ல் குதிரை இழுத்தது, 1902ல் மின்சாரம் வந்தது. 150 ஆண்டு நிறைவை 2023ல் விழாவாக எடுத்தார்கள். 2024 செப்டம்பரில் மைதானத்து ஒரு தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. வேலைக்குப் போகிறவன் ஏறும் வண்டி போய், வேடிக்கை பார்க்க வருகிறவன் ஏறும் வண்டி மட்டும் எஞ்சும்.

எல்லாவற்றையும்விட மௌனமாக மறைவது வீடுகள். பவானிபூரிலும் வடக்கு கல்கத்தாச் சந்துகளிலும் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் கட்டிக்கொண்டவை. சிவப்பு ஆக்சைடு தரை, சாய்ந்த மரச்சட்டங்கள் வைத்த பச்சை ஜன்னல்கள், தெருவைப் பார்த்து ஒரு ரோயாக். ரோயாக் நம் திண்ணைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். கல்கத்தாவின் புகழ்பெற்ற அரட்டை அதன்மேல்தான் வளர்ந்தது. இவ்வீடுகளுக்காக 2015ல் நாவலாசிரியர் அமித் சௌதுரி ஓர் இயக்கமே தொடங்கினார். மன்னரோ ஆளுநரோ வாழாத வீடு எப்படிப் பாரம்பரியச் சின்னமாகும் என்று கேட்பவர்கள், ஒரு தெரு முழுவதையும் ஒரே சின்னமாகப் பார்க்கப் பழகவில்லை.

வீட்டுக்காரரைக் குறை கூற மாட்டேன். நான்கு பங்காளிகள் நான்கு ஊரில், கூரை ஒழுகுகிறது, ப்ரமோட்டர் வாசலில் பணத்தோடு நிற்கிறார். இடிக்காதே என்று மட்டும் சொல்லும் சட்டம் அவருக்குத் தண்டனைதான். மேலே கட்டும் உரிமையை வேறிடத்தில் கட்டுபவருக்கு விற்றுக்கொள்ளும் வழியும் பழுதுபார்க்கச் செலவும் கொடுத்துவிட்டு, பிறகல்லவா அவரிடம் கேட்க வேண்டும்?

சென்ற முறை பவானிபூரில் இடிபட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டின் முன் பச்சை ஜன்னல் கதவுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். விறகுக்கா என்று கேட்டேன். இல்லை, நல்ல கிராக்கி இருக்கிறது, சாப்பாட்டுக் கடைக்காரர்கள் சுவரில் மாட்ட வாங்கிப்போகிறார்கள் என்றார் மேஸ்திரி.